இரண்டு காளையா, ஆயிரம் கோழியா?

வயலை உழ வேண்டும். ஒரு பக்கம் வலுவான இரண்டு காளைகள். இன்னொரு பக்கம் 1,024 கோழிகள். எதை ஏரில் பூட்டுவீர்கள்?

சூப்பர் கம்ப்யூட்டரின் தந்தை என்று கொண்டாடப்படும் அமெரிக்கர் சீமோர் க்ரே இப்படிக் கேட்டதாகச் சொல்வார்கள். காளைதான் என்பது அவர் எதிர்பார்த்த பதில். உழவு தெரிந்த யாரும் அதையேதான் சொல்வார்கள். ஆனால், கம்ப்யூட்டர் உலகத்தில் கடைசியில் ஜெயித்தது கோழிகள். அது எப்படி நடந்தது என்று தெரிய வேண்டுமானால், ஆண்டுதோறும் நவம்பர் மாதம் அமெரிக்காவில் கூடும் ஒரு மாநாட்டுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

மாநாட்டின் பெயர் எஸ்.சி. ‘சூப்பர் கம்ப்யூட்டிங்’ என்பதன் சுருக்கம். 1988-ல் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ நகரில் முதல் முறை கூடியபோது வந்தவர்கள் சுமார் 1,500 பேர். 2024-ல் அட்லாண்டாவில் கூடியபோது கிட்டத்தட்ட 18,000 பேர். கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போடுவதுபோல, இந்த ஒரு வாரத்துக்காகவே ராட்சத வேக இணைய வலைப்பின்னல் ஒன்றைத் தன்னார்வலர்கள் கட்டுகிறார்கள். மாநாடு முடிந்ததும் பிரித்து எடுத்துவிடுகிறார்கள். 1991-லிருந்து இது நடக்கிறது.

‘இதெல்லாம் விஞ்ஞானிகள் சமாசாரம், நமக்கென்ன?’ என்று தோன்றலாம். நாளை மழை வருமா என்று காலையில் போனைத் தட்டிப் பார்க்கிறீர்களே, அந்தப் பதில் தயாராகும் இடமே இந்த இயந்திரங்கள்தான்.

மழைக்கு முன்னால் கணக்கு முடிய வேண்டும்

வானிலையைக் கணிப்பது என்பது அடிப்படையில் ஒரு பெரிய கூட்டல் கழித்தல் வேலை. பூமியின் மேல் கோலப் புள்ளிகள்போல வரிசையாகக் கட்டங்கள் போட்டுக்கொள்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே வானம் வரை பல அடுக்குகள். ஒவ்வோர் அடுக்கிலும் வெப்பம் எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு, காற்று எந்தத் திசையில், என்ன வேகத்தில்? இந்தக் கட்டத்துக் காற்று அடுத்த கட்டத்துக்குப் போனால் அங்கே என்ன ஆகும்? இதைச் சில நிமிட இடைவெளிக்கு ஒரு முறை என்று கணக்கிட்டு, நாளை, நாளை மறுநாள் என்று நகர்த்திக்கொண்டே போக வேண்டும்.

கட்டம் சின்னதாக இருந்தால் கணிப்பு நுணுக்கமாக இருக்கும். ஆனால், கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் கட்டங்களின் எண்ணிக்கை நான்கு மடங்காகும். கால இடைவெளியையும் பாதியாக்க வேண்டியிருப்பதால் மொத்த வேலை எட்டு மடங்காகிவிடும். இத்தனைக்கும் கெடு உண்டு. நாளைய புயலுக்கான கணக்கு நாளை மறுநாள் முடிந்தால் அது எதற்கும் உதவாது.

1999-ல் ஒடிசாவைத் தாக்கிய சூப்பர் புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2013-ல் அதே கரையோரம் ஃபைலின் புயல் வந்தபோது, முன்கூட்டியே சுமார் 10 லட்சம் பேரை வெளியேற்றிவிட்டார்கள். இறப்புகள் சில பத்துகளோடு நின்றன. செயற்கைக்கோள், புயல் பாதுகாப்பு மையங்கள், இரவு பகலாக ஓடிய அரசு ஊழியர்கள் என்று பலருக்கும் அதில் பங்குண்டு. புயல் எங்கே, எப்போது கரையைக் கடக்கும் என்று நேரத்துக்குள் கணக்குப் போட்ட கம்ப்யூட்டர்களுக்கும் பங்குண்டு.

காளை வாங்கக் காசும் வேண்டும், அனுமதியும் வேண்டும்

சீமோர் க்ரேயின் புகழ்பெற்ற க்ரே-1 இயந்திரம் 1976-ல் வந்தது. குதிரை லாட வடிவம். சுற்றிலும் மெத்தை வைத்த பெஞ்சு. அந்தப் பெஞ்சுக்கு அடியில்தான் மின்சாரம் கொடுக்கும் பாகங்கள் ஒளிந்திருந்தன. எடை சுமார் 5 டன். விலை பல லட்சம் டாலர். உலகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆராய்ச்சிக்கூடங்களால்தான் இப்படிப்பட்ட காளைகளைக் கட்டித் தீனி போட முடிந்தது.

காசு இருந்தாலும் போதாது. 1980-களில் இந்தியா இதை அனுபவத்தில் தெரிந்துகொண்டது. க்ரே இயந்திரம் கேட்டபோது, ‘அணு ஆயுதத்துக்கோ ஏவுகணைக்கோ பயன்படுத்திவிட்டால்?’ என்று அமெரிக்கா தயங்கியது. வலுக்கூடிய மாடல் கிடைக்கவில்லை. வானிலைக் கணிப்புக்கு மட்டும் என்ற நிபந்தனைகளோடு சிறிய மாடல் ஒன்று டெல்லிக்கு வந்தது.

அந்த ஏமாற்றத்தில் பிறந்ததுதான் 1988-ல் புனேயில் தொடங்கிய சி-டாக் நிறுவனம். விஜய் பட்கர் தலைமையிலான குழு, ஒரே பெரிய மூளைக்குப் பதிலாகப் பல சிறிய சிப்களைச் சேர்த்து வேலை வாங்கும் வழியைத் தேர்ந்தெடுத்தது. 1991-ல் பரம் 8000 வந்தது. காளை கிடைக்காதவர்கள் கோழிகளைப் பழக்கத் தொடங்கிவிட்டார்கள்.

மேசைக்கடியில் ஒரு மாவீரன்

அமெரிக்காவிலேயே காளை எட்டாக்கனியாக இருந்தவர்கள் உண்டு. மேரிலாந்து மாநிலத்தில் இருக்கும் நாசாவின் கோடார்டு விண்வெளி மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் என்ற இருவருக்கு ஓர் ஆசை. நொடிக்கு 100 கோடி கணக்குகள் போடும் இயந்திரம் வேண்டும். கம்ப்யூட்டர் பாஷையில் இதற்கு ஒரு கிகாஃபிளாப்ஸ் என்று பெயர். ஆனால், செலவு 50,000 டாலரைத் தாண்டக் கூடாது.

1994-ல் அவர்கள் செய்தது மிக எளிமையான காரியம். அன்றைக்கு அலுவலக மேசைகளில் இருந்த அதே ரக 486 கம்ப்யூட்டர்கள் 16-ஐ எடுத்தார்கள். சாதாரண நெட்வொர்க் கேபிளால் இணைத்தார்கள். இலவசமாகக் கிடைத்த லினக்ஸ் மென்பொருளைப் போட்டார்கள். கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசத் தேவையான நிரல்களைப் பெக்கரே எழுதினார். இப்படிக் கூட்டாக வேலை செய்யும் அமைப்புக்குத்தான் கிளஸ்டர் என்று பெயர். கொத்து என்று சொல்லலாம்.

தங்கள் கொத்துக்கு அவர்கள் வைத்த பெயர் பேவுல்ஃப். பழைய ஆங்கிலக் காவியத்தின் நாயகன் பெயர் அது. முப்பது பேரின் பலம் அவன் ஒரு கைப்பிடியில் இருந்ததாம். பொருத்தமான பெயர்தான். ஆனாலும், அந்த முதல் இயந்திரம் ஆசைப்பட்ட வேகத்தை எட்டவில்லை. ஏன் என்று புரிந்துகொள்ள, கொஞ்ச நேரம் ஒரு கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டுக்குப் போய்வரலாம்.

சமையல்கட்டில் ஒரு கணக்கு

ஒரே ஆள் சமைத்தால் 20 மணி நேரம் ஆகும் விருந்து. 16 பேர் வந்தால் 16 மடங்கு சீக்கிரம் முடியுமா? காய் நறுக்குவதைப் பங்கு போடலாம். தேங்காய் துருவுவதைப் பங்கு போடலாம். ஆனால், சாம்பார் கொதிக்கும் நேரத்தைப் பங்கு போட முடியாது. பத்துப் பேர் சுற்றி நின்று பார்த்தாலும் அது தன் நேரத்துக்குத்தான் கொதிக்கும்.

இதைக் கம்ப்யூட்டருக்குச் சொன்னவர் ஜீன் அம்தால், 1967-ல். மொத்த வேலையில் 5 சதவிகிதத்தைப் பங்கு போட முடியாது என்றால், அந்த 20 மணி நேர விருந்தில் 1 மணி நேரம் அப்படியே நிற்கும். 16 பேர் சேர்ந்தால் 9 மடங்கு வேகம் கிடைக்கும். 1,000 பேர் சேர்ந்தாலும் 20 மடங்கைத் தாண்ட முடியாது. ஆளைக் கூட்டிக்கொண்டே போவதில் புண்ணியமில்லை, வேலையைப் பிரிக்கும் விதத்தில்தான் சூட்சுமம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ‘உப்பு போட்டாச்சா?’ என்று ஒருவர் கேட்க, பதில் வரும்வரை கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தால்? கிளஸ்டரில் பாதி நேரம் இப்படித்தான் வீணாகும். கம்ப்யூட்டர் வேகமாக இருக்கும், நடுவில் உள்ள கேபிள் மெதுவாக இருக்கும். பேவுல்ஃபுக்கும் அந்தத் தொல்லை இருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே மொழிச் சிக்கல். அந்தக் காலத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் இயந்திரத்துக்கும் ஒவ்வொரு பாஷை. ஒன்றுக்காக எழுதிய நிரல் இன்னொன்றில் ஓடாது. இயந்திரத்தை மாற்றினால், வருடக்கணக்கில் எழுதியதைத் திரும்ப எழுத வேண்டும்.

இங்கேதான் மாநாடு உதவிக்கு வந்தது. போட்டி நிறுவனங்களின் பொறியாளர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 1992-லிருந்து கூடிக் கூடிப் பேசி, எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவான ஒரு பேச்சுமுறையை வகுத்தார்கள். அதன் வரைவை 1993 நவம்பரில் போர்ட்லாண்ட் நகரில் நடந்த எஸ்.சி. மாநாட்டில் எல்லோர் முன்னும் வைத்தார்கள். அடுத்த ஆண்டு இறுதி வடிவம் வந்தது. எம்.பி.ஐ. என்ற அந்தப் பேச்சுமுறைதான் இன்று வரை உலகத்தின் பெரும்பாலான சூப்பர் கம்ப்யூட்டர்களில் புழங்குகிறது. விற்பனையில் முட்டிக்கொள்ளும் நிறுவனங்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து பொது மொழிக்குச் சம்மதித்திருக்காவிட்டால், கோழிகள் ஆளுக்கொரு பக்கம் ஓடியிருக்கும்.

பிட்ஸ்பர்க்கில் நடந்த கல்யாணம்

1996 நவம்பர். மாநாடு பிட்ஸ்பர்க் நகரில். ஒன்றரை மாதம் முன்புதான், அக்டோபர் 5-ம் தேதி, கார் விபத்தில் காயம்பட்டிருந்த சீமோர் க்ரே இறந்துபோயிருந்தார்.

அந்த ஆண்டுக் கண்காட்சிக் கூடத்துக்கு இரண்டு கொத்துகள் வந்திருந்தன. ஒன்று, நியூ மெக்ஸிகோவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த லோகி. இன்னொன்று, கலிஃபோர்னியாவிலிருந்து கால்டெக்கும் ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடமும் சேர்ந்து அனுப்பிய ஹைக்லாக். ஒவ்வொன்றிலும் 16 பென்டியம் புரோ சிப்கள். ஒவ்வொன்றின் செலவும் சுமார் 50,000 டாலர். எல்லாம் கடையில் கிடைக்கும் சாமான்கள்.

தனித்தனியாகவே இரண்டும் ஒரு கிகாஃபிளாப்ஸைத் தாண்டியிருந்தன. ஸ்டெர்லிங்கும் பெக்கரும் கண்ட கனவு இரண்டே வருடத்தில் பலித்துவிட்டது. அதோடு விடவில்லை. மாநாட்டுக் கூடத்திலேயே இரண்டையும் கேபிள் போட்டு இணைத்தார்கள். விண்வெளியில் லட்சக்கணக்கான துகள்கள் ஒன்றையொன்று ஈர்த்தால் என்ன ஆகும் என்ற கணக்கை ஓட்டினார்கள். வேகம் இரண்டு கிகாஃபிளாப்ஸைத் தாண்டியது. இரண்டு மாநிலத்து இயந்திரங்கள், முன்பின் பழக்கமில்லாமல், சேர்ந்ததும் வேலை பார்த்தன. அடுத்த ஆண்டு இந்தப் பணிக்கு, கொடுத்த காசுக்கு அதிக வேகம் என்ற பிரிவில் கார்டன் பெல் பரிசு கிடைத்தது.

அந்தக் கூடத்தில் அன்று நின்றவர்களில் பெரும்பாலோர் கோடிக்கணக்கில் செலவழித்து இயந்திரம் வாங்குகிறவர்கள் அல்லது விற்கிறவர்கள். ஒரு பேராசிரியரின் ஆராய்ச்சி நிதிக்குள் அடங்கும் விலையில் அதே ரக வேலை நடப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு ஊர் திரும்பினார்கள். வாசல் திறந்துவிட்டது.

திறந்த வாசலில் மாணவர்களும் நுழைந்தார்கள். 2003-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம், கடையில் விற்கும் ஆப்பிள் கம்ப்யூட்டர்கள் 1,100-ஐ வாங்கி இணைத்தது. பெட்டியைப் பிரித்து அடுக்கிக் கேபிள் மாட்டியவர்களில் பலர் தன்னார்வ மாணவர்கள். கூலி, பீட்சா. சுமார் 52 லட்சம் டாலர் செலவில் உருவான அந்த ‘சிஸ்டம் எக்ஸ்’, அந்த நவம்பரில் உலகின் அதிவேக 500 இயந்திரங்கள் பட்டியலில் மூன்றாம் இடம் பிடித்தது.

ரீனோவில் இரண்டு ஆச்சரியங்கள்

2007-ல் மாநாடு நெவாடாவின் ரீனோ நகரில். அங்கே முதல் முறையாக மாணவர்களுக்குக் கிளஸ்டர் போட்டி வைத்தார்கள். ஓர் அணிக்கு ஆறு பேர். பட்டப்படிப்பை முடிக்காதவர்களாக இருக்க வேண்டும், பள்ளி மாணவர்களும் வரலாம். சொந்தமாகக் கிளஸ்டர் கட்டி, 48 மணி நேரம் விடாமல் நிஜமான அறிவியல் கணக்குகளை ஓட்ட வேண்டும்.

கெடுபிடி ஒன்றே ஒன்று, மின்சாரம். சுமார் 3,000 வாட்டுக்குமேல் இழுக்கக் கூடாது. வீட்டில் இரண்டு ஏ.சி. ஓடினால் ஆகும் மின்சாரம் அவ்வளவுதான். காசு உள்ளவர் இயந்திரத்தைக் குவித்து ஜெயித்துவிட முடியாது. எந்தச் சிப்பை எப்போது ஓட்டுவது, எதை அணைத்து வைப்பது, யார் தூங்குவது, யார் விழிப்பது என்று அந்த ஆறு பேர்தான் முடிவெடுக்க வேண்டும்.

முதல் ஆண்டு வந்தவை ஆறு அணிகள். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் வென்றது. தைவானின் தேசிய சிங் ஹுவா பல்கலைக்கழகமும் அன்று வந்து, பரிசில்லாமல் திரும்பியது. அவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். 2010-ல் வென்றார்கள். 2011-லும் அவர்களே வென்றார்கள்.

ரீனோவின் இரண்டாவது ஆச்சரியம் இந்தியாவுக்கு. அந்த மாநாட்டில் வெளியான 500 இயந்திரங்கள் பட்டியலில் நான்காம் இடம் புனேயில் இருந்த ‘ஏகா’வுக்கு. டாடா குழுமத்தின் ஆய்வுக்கூடம் உருவாக்கிய கிளஸ்டர். வேகம் சுமார் 118 டெராஃபிளாப்ஸ், அதாவது நொடிக்கு 118 லட்சம் கோடி கணக்குகள். ஆசியாவில் அன்று அதுதான் முதலிடம். முதல் பத்து இடங்களுக்குள் இந்திய இயந்திரம் ஒன்று வந்தது அதுவே முதல் முறை. இருபது வருடம் முன்பு காளைக்கு நிபந்தனை கேட்டுக் காத்திருந்த நாடு அது.

திருச்சியில் பொருள்

வேகத்தில் யார் முதல் என்ற செய்திதான் எப்போதும் தலைப்பில் வரும். இந்தக் கதையில் அதைவிட முக்கியமானது, நேற்றைய அதிசயம் எவ்வளவு சீக்கிரம் சாதாரணக் கல்லூரிக்கு வந்து சேர்கிறது என்பது.

2022 மே மாதம் திருச்சி என்.ஐ.டி.யில் ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் இயங்கத் தொடங்கியது. பெயர், பரம் பொருள். திருக்குறளின் இரண்டாம் பாலிலிருந்து எடுத்த பெயர். அதன் உச்ச வேகம் 838 டெராஃபிளாப்ஸ். 2007-ல் உலகின் நான்காம் இடம் பிடித்த ஏகாவைவிடப் பல மடங்கு. பதினைந்து வருடத்தில், உலகச் சாதனையைத் தாண்டிய வேகம் காவிரிக்கரைக் கல்லூரி மாணவர் கையில்.

வானிலைக்கும் அதே ஏற்றம். 2024 செப்டம்பரில் புனேயில் ‘அர்கா’, நொய்டாவில் ‘அருணிகா’ என்ற இரு இயந்திரங்கள் வந்தன. அவற்றின் பலத்தில், 12 கிலோமீட்டராக இருந்த வானிலைக் கட்டங்களை 6 கிலோமீட்டராகச் சுருக்கிய புதிய கணிப்பு முறை 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. கட்டம் பாதியானால் வேலை எட்டு மடங்கு என்று பார்த்தோமே, அந்தச் சுமையைத் தாங்குவது இந்தக் கொத்துகள்தான்.

எல்லாம் இனிப்புச் செய்தி மட்டுமல்ல. 2024 நவம்பர் பட்டியலில் முதலிடம் பிடித்த அமெரிக்காவின் எல் கேபிடனுக்குள் 11,000-க்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் ஒன்றாக இயங்குகின்றன. அது இழுக்கும் மின்சாரம் சுமார் 30 மெகாவாட். ரீனோவில் ஒரு மாணவர் அணிக்குக் கொடுத்த மின்சாரத்தைப்போல 10,000 பங்கு. அதன் முதன்மை வேலை, அமெரிக்காவின் அணு ஆயுதங்களைப் பரிசோதித்து வைப்பது. உச்சியில் இருப்பவர்களின் இயந்திரம் மறுபடியும் பெரும்பணம், பெருமின்சாரம் என்று மற்றவர்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போகிறது. காளைக் காலத்து இடைவெளி திரும்பி வரலாம்.

ஆனால், ஒரு வித்தியாசம் உண்டு. அன்று காளைக்குள் என்ன இருக்கிறது என்பது செய்தவருக்குத்தான் தெரியும். இன்று எல் கேபிடனிலும் லினக்ஸ்தான், திருச்சியின் பொருளிலும் லினக்ஸ்தான். 2017 நவம்பரிலிருந்து பட்டியலின் 500 இயந்திரங்களும் அப்படித்தான். எல்லாம் பேசுவது போர்ட்லாண்டில் ஊர் கூடி முன்வைத்த பொதுப் பேச்சுமுறையைத்தான். நாலு பழைய கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைத்து ஒரு மாணவி இன்று வீட்டில் கற்றுக்கொள்ளும் அதே பாடம், உச்சியில் இருக்கும் இயந்திரத்திலும் செல்லும்.

சீமோர் க்ரே என்ன ஆனார்? அவரும் கடைசியில் மனம் மாறினார். இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு அவர் தொடங்கிய புதிய நிறுவனத்தில் வரையத் தொடங்கியது, பல சிப்களைச் சேர்த்து ஓட்டும் இயந்திரத்தைத்தான். அவர் பெயரில் ஒரு விருதும் உண்டு. எல் கேபிடனை உருவாக்கிய ஹெச்.பி.ஈ. நிறுவனம், க்ரே நிறுவனத்தை 2019-ல் வாங்கியிருந்தது. அதனால் அந்த இயந்திர வரிசைக்குப் பெயரே ‘ஹெச்.பி.ஈ. க்ரே’.

உலகத்தின் மிகப்பெரிய கோழிப்பண்ணை வாசலில், காளை வளர்த்தவரின் பெயர்ப்பலகை!